ஐரோப்பாவில் நான்கு மூன்றாகும் காலம்

"வோடஃபோன், டெலிஃபோனிகா மாதிரி பெரிய கம்பெனிகளே ஒவ்வொரு நாடாக விற்றுவிட்டுக் கிளம்புகின்றன, மிச்சம் இருப்பவை ஒன்றோடொன்று சேர்கின்றன. ஐரோப்பிய டெலிகாம் எங்கே போகிறது? அங்கே வாழும் சாதாரண சந்தாதாரருக்குச் செலவு கூடுமா?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடும், ஆனால் ஒரேயடியாக அல்ல. ஐரோப்பா முழுக்க ஓடும் நான்கைந்து ராட்சத நிறுவனங்கள் உருவாகும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் பேசுகிறார்களே, அது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடக்கப்போவது வேறு: ஒவ்வொரு நாட்டுக்குள்ளேயும் நான்கு நிறுவனங்கள் மூன்றாகும். அதற்கான கதவு 2024-இல் திறந்துவிட்டது.

ஐரோப்பியச் சந்தை என்று ஒன்றாகச் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பது 27 தனிச் சந்தைகள். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் அதற்கும் வெளியே. அலைக்கற்றையை விற்பது அந்தந்த நாடு, விதி போடுவது அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு. ஆரஞ்சு என்ற பெயர்ப் பலகை பிரான்ஸிலும் போலந்திலும் ருமேனியாவிலும் தொங்கினாலும் மூன்றும் தனித்தனி நெட்வொர்க், தனித்தனி விலைப்பட்டியல். எல்லை தாண்டி வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் ஒரே பொது விஷயம் ரோமிங். 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த ஊர்க் கட்டணம்தான். அந்த விதியை 2032 வரை நீட்டித்தும் விட்டார்கள்.

இந்தச் சிதறலைத்தான் 2024-இல் வந்த இரண்டு அறிக்கைகள் பிடித்துக்கொண்டன. இரண்டையும் தந்தவர்கள் இத்தாலியின் முன்னாள் பிரதமர்கள். ஏப்ரலில் என்ரிகோ லெத்தா ஒரு கணக்குச் சொன்னார்: சராசரி ஐரோப்பிய நிறுவனத்துக்கு 50 லட்சம் சந்தாதாரர்கள், அமெரிக்க நிறுவனத்துக்கு 10.7 கோடி, சீன நிறுவனத்துக்கு 46.7 கோடி. செப்டம்பரில் மரியோ திராகி, ஒன்றியத்தில் 34 செல்பேசிக் குழுமங்கள் இருக்கின்றன, அமெரிக்காவிலும் சீனாவிலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றார்.

கேட்டதும் தலையாட்டத் தோன்றும். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். இந்தத் தொழிலில் பெரும்பாலான செலவு மண்ணோடு ஒட்டிய செலவு. லிஸ்பனில் நட்ட டவர் வார்சாவில் இருப்பவருக்கு சிக்னல் தராது. எல்லை தாண்டிச் சேர்ந்தால் மிச்சமாவது கருவி வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடி, மென்பொருள் செலவு, தலைமை அலுவலகத்தில் சில சம்பளங்கள், அவ்வளவுதான். ஒரே நாட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் கதை வேறு. ஒரே தெருவில் நிற்கும் இரண்டு டவரில் ஒன்றைக் கழற்றலாம், பாதிக் கடைகளை மூடலாம், முக்கியமாக ஒரு போட்டியாளர் ஒழிவார். பணம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் கம்பெனித் தலைவர்கள் மேடையில் அமெரிக்காவையும் சீனாவையும் பேசிவிட்டு, அனுமதி கேட்டு நீட்டும் கோப்பு மட்டும் எப்போதும் உள்நாட்டு இணைப்பாக இருக்கிறது.

இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பது சுவாரசியமான கதை. 1990-களில் இந்தத் துறையில் உலகுக்கே வழிகாட்டியது ஐரோப்பா. 1987-இல் கோபன்ஹேகனில் கூடிய 13 நாடுகள் ஒரே செல்பேசித் தரத்துக்குக் கையெழுத்துப் போட்டன. 1991-இல் ஃபின்லாந்தில் ஜிஎஸ்எம் என்ற அந்தத் தரம் ஓடத் தொடங்கியது. 1998 ஜனவரி 1-இல் ஒன்றியம் முழுக்கத் தொலைபேசித் துறை போட்டிக்குத் திறக்கப்பட்டது. அப்புறம் வந்தது 2000-ஆம் ஆண்டின் 3ஜி ஏலம். பிரிட்டன் சுமார் 2,250 கோடி பவுண்டு அள்ளியது. ஜெர்மனி ஆறு உரிமங்களை 5,080 கோடி யூரோவுக்கு விற்றது. ஒரு டவர்கூட நடும் முன்பே கட்டிய பணம் இது. அந்த ஆறு பேரில் குவாம் என்ற நிறுவனம் 2002-லேயே கடையை மூடியது. மொபில்காம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அரசுகள் கஜானாவை நிரப்பிக்கொண்டன, கம்பெனிகள் கடனைச் சுமந்தன. ஐரோப்பிய டெலிகாம் முதலாளிகளுக்கு ஏலம் என்றாலே இன்றும் முகம் சுளிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்த அடி போட்டியிலிருந்து. இதற்கு பிரான்ஸைப் பார்க்க வேண்டும். அங்கே பல ஆண்டுகள் ஆரஞ்சு, எஸ்எஃப்ஆர், பூய்க் என்று மூன்று பேர்தான். இந்த மூவரும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு, சந்தைப் பங்கைக் கலைக்காமல் வைத்துக்கொள்ள உடன்பாடு செய்தார்கள் என்று 2005-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் 53.4 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிறகு நான்காவது உரிமம் தொழிலதிபர் சாவியே நியெலின் இலியாட் நிறுவனத்துக்குப் போனது. 2012 ஜனவரியில் அதன் ஃப்ரீ மொபைல் வந்தது: மாதம் 19.99 யூரோவுக்கு அளவில்லா அழைப்பு, 2 யூரோவுக்கு ஒரு சின்னத் திட்டம், ஒப்பந்தக் கட்டாயம் கிடையாது. மற்ற மூவரும் சில வாரங்களிலேயே விலையைக் குறைத்தார்கள். 2018-இல் அதே இலியாட் இத்தாலிக்குப் போய் 5.99 யூரோவுக்கு 30 ஜிபி என்று தொடங்கியது. நம்மூரில் ஜியோ செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம்தான் கொஞ்சம் குறைவு.

இதில் வாடிக்கையாளருக்கு நல்ல காலம், சந்தேகமே இல்லை. பங்குதாரருக்கு மோசமான காலம். டேட்டா பயன்பாடு ஆண்டுதோறும் எகிற, வருமானம் இருந்த இடத்திலேயே நின்றது. ஐரோப்பிய டெலிகாம்களில் பங்குச் சந்தை மெச்சும் ஒரே பெரிய நிறுவனம் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் என்றால், அதற்கும் முக்கியக் காரணம் அமெரிக்காவில் அது பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் டி-மொபைல். ஐரோப்பிய நிறுவனத்தின் லாபம் அமெரிக்கரின் மாதக் கட்டணத்திலிருந்து வருகிறது என்பதிலேயே நிலைமை புரியும்.

சரி, அப்படியானால் ஏன் முன்பே சேரவில்லை? சேர விடவில்லை. 2015-இல் டென்மார்க்கில் டெலியாவும் டெலினாரும் சேரப் பார்த்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் கெடுபிடியில் பின்வாங்கின. 2016 மே மாதம், பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தை த்ரீ நிறுவனம் வாங்குவதை ஐரோப்பிய ஆணையம் நேரடியாகத் தடுத்தது. போட்டித் துறையை அப்போது கவனித்தவர் மார்கிரேத்த வெஸ்டாகர். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. 2012-இல் ஆஸ்திரியாவில் த்ரீயும் ஆரஞ்சும் சேர்ந்து நான்கு மூன்றாக அனுமதித்திருந்தார்கள். அதன்பின் கட்டணம் ஏறியதை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பும் போட்டி ஆணையமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த ஆஸ்திரியக் கதைக்கு இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு. 2015-இல் ஹோஃபர் என்ற மலிவு விலை மளிகைக் கடைச் சங்கிலி, மற்றவர் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து ஹோட் என்ற பெயரில் சிம் விற்க ஆரம்பித்ததும் விலை மறுபடி இறங்கியது. மூன்று டவர் முதலாளிகள் இருந்தாலும், அவர்களிடமிருந்து நியாயமான மொத்த விலையில் வாங்கி விற்க ஒருவருக்கு வழி இருந்தால் சந்தை மூச்சு விடும். இனி வரும் எல்லா இணைப்பிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

2024-இல் காற்று திசை மாறியது. பிப்ரவரியில் ஸ்பெயினில் ஆரஞ்சும் 'மாஸ்மோவில்' என்ற நிறுவனமும் சேர ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் தந்தது. 1,860 கோடி யூரோ மதிப்புள்ள பேரம். டிசம்பரில் பிரிட்டனின் போட்டி ஆணையம் வோடஃபோனும் த்ரீயும் சேர அனுமதித்தது. 2025 மே 31-இல் அது நிறைவேறியது. பிரிட்டனில் போட்ட நிபந்தனை புதுமாதிரி. வழக்கமாக ஏதாவது சொத்தை விற்கச் சொல்வார்கள். இங்கே நிறுவனங்கள் சொன்ன 1,100 கோடி பவுண்டு நெட்வொர்க் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும், சில கட்டணத் திட்டங்களை மூன்று ஆண்டுகளுக்குக் காப்பாற்ற வேண்டும், வாடகைக்கு எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே விலையும் விதியும் சொல்ல வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

ஸ்பெயினின் நிபந்தனையில்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்: டிஜி. இது ஒரு ருமேனிய நிறுவனம். ருமேனியாவில் 1990-களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பையன்கள் தாங்களே கேபிள் இழுத்து நடத்திய தெரு நெட்வொர்க்குகளை வாங்கிச் சேர்த்து வளர்ந்தவர்களில் ஒருவர். ஐரோப்பாவின் பணக்கார நாடுகள் பலவற்றைவிட ருமேனியாவில் வீட்டு இணையம் வேகமாகவும் மலிவாகவும் இருப்பதன் பின்னணி இதுதான். ஸ்பெயினில் வேலை தேடிப் போன ருமேனியர்களுக்கு ஊருக்குப் பேச மலிவாக சிம் விற்க, 2008-இல் அங்கே போனது டிஜி. அப்போது சொந்த நெட்வொர்க் கிடையாது.

இந்த இடத்தில் நம் ஆட்களைச் சொல்லாமல் போக முடியாது. இதே உத்தியில் அதற்கு முன்பே இறங்கியவர்கள் லண்டன் தமிழர்கள். 2001-இல் இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட மூவர் தொடங்கியது லெபாரா. தமிழ்ப் படத் தயாரிப்பால் இங்கே பெயர் தெரிந்த சுபாஸ்கரன் அல்லிராஜா தொடங்கியது லைக்காமொபைல். புலம்பெயர்ந்தவர் ஊருக்குப் பேசும் தேவையைப் பெரிய கம்பெனிகள் மதிக்காத காலத்தில், அந்த இடைவெளியில் நுழைந்து பல நாடுகளில் கடை விரித்தார்கள். பிறகு வாட்ஸாப் வந்து வெளிநாட்டு அழைப்பின் விலையைப் பூஜ்யமாக்கியது. லைக்காவின் ஸ்பெயின் பிரிவை 2020-இல் 'மாஸ்மோவில்' நிறுவனம் 37.2 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. டிஜி வேறு வழி பிடித்தது. ஸ்பெயினில் ஃபைபர் பதித்தது, ஆரஞ்சு-மாஸ்மோவில் இணைப்பின் நிபந்தனையாக அலைக்கற்றை பெற்றது, 2024 நவம்பரில் போர்ச்சுகலிலும் டிசம்பரில் பெல்ஜியத்திலும் இறங்கியது. செல்பேசிக்கு அதிகம் கொடுத்துப் பழகிய பெல்ஜியத்தில் 5 யூரோவுக்குத் திட்டம், 10 யூரோவுக்கு ஃபைபர் என்று ஆரம்பித்தது. ஐரோப்பாவில் விலை ஏறுவதற்கு இன்று இருக்கும் பெரிய தடை பிரஸ்ஸல்ஸ் அல்ல, இந்த ஒரு ருமேனியக் கம்பெனிதான் என்றுகூடச் சொல்வேன். இது எத்தனை காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. கடன் வாங்கித்தான் டிஜியும் கட்டுகிறது.

நீங்கள் கேட்ட "விற்றுவிட்டுக் கிளம்புவது" இதோடு சேர்ந்தது. ஒரு நாட்டில் முதல் இரண்டு இடத்துக்குள் வர முடியாதவர் வெளியேறுகிறார். வோடஃபோன் தன் ஸ்பெயின் பிரிவை ஸெகோனாவுக்கு 500 கோடி யூரோவுக்கும், இத்தாலிப் பிரிவை சுவிஸ்காமுக்கு 800 கோடிக்கும் 2024-இல் விற்று முடித்தது. டெலிஃபோனிகா தென் அமெரிக்க நாடுகளை ஒவ்வொன்றாகக் கைகழுவி ஸ்பெயின், ஜெர்மனி, பிரிட்டன், பிரேசில் என்று சுருங்குகிறது. டவர்கள் ஏற்கெனவே தனிக் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. இத்தாலியின் டிம் ஒரு படி மேலே போய், வீட்டுக்கு வரும் கம்பி நெட்வொர்க் முழுவதையும் 2024 ஜூலையில் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கேகேஆர் தலைமையிலான குழுவுக்கு விற்றது. மதிப்பு அதிகபட்சம் 2,200 கோடி யூரோ. பழைய அரசு டெலிகாம் ஒன்று தன் கம்பியையே விற்றது ஐரோப்பியப் பெரிய நாடுகளில் இதுதான் முதல் முறை.

அதோடு, சத்தமில்லாமல் அரசுகளும் திரும்பி வருகின்றன. 2023 செப்டம்பரில் சவூதியின் டெலிகாம் நிறுவனமான எஸ்டிசி டெலிஃபோனிகாவில் 9.9% பங்கு சேர்த்திருப்பதாக அறிவித்ததும் மாட்ரிட் பதறியது. சில மாதங்களில் ஸ்பெயின் அரசே தன் முதலீட்டு அமைப்பு மூலம் 10% வாங்கியது. டிம் நிறுவனத்தில் இப்போது பெரிய பங்குதாரர், இத்தாலிய அரசின் பிடியில் இருக்கும் அஞ்சல் நிறுவனம். 1990-களில் தாராளமயம் என்று சொல்லி விற்றதை, பாதுகாப்பு என்று சொல்லித் திரும்ப வாங்குகிறார்கள். 5ஜி கருவிகளில் சீனாவின் ஹுவாவேயை ஒதுக்குவதும் இதே மனநிலைதான்: பிரிட்டன் 2027-க்குள் அகற்றச் சொன்னது, ஜெர்மனி நெட்வொர்க்கின் மையப் பகுதியிலிருந்து 2026 முடிவுக்குள். மாற்றுக் கருவி விற்கும் எரிக்சனும் நோக்கியாவும் ஐரோப்பாவிலேயே இருப்பது ஒரு நல்ல வாய்ப்பு.

வீட்டு ஃபைபர் கொஞ்சம் நம்பிக்கை தரும் பக்கம். 2024 கணக்கில் ஒன்றியத்தில் சுமார் 69% வீடுகளுக்கு ஃபைபர் எட்டியிருந்தது. ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். ஸ்பெயின் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஜெர்மனி வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. பணக்கார நாடு ஏன் பின்தங்கியது? ஸ்பெயினில் மக்கள் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்கிறார்கள், டெலிஃபோனிகாவின் குழாய்களைப் போட்டியாளர்களும் பயன்படுத்தலாம் என்று 2008-லேயே ஒழுங்குமுறை அமைப்பு சொல்லிவிட்டது, கட்டடத்தின் வெளிச்சுவரில் கம்பி ஓட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் செப்புக் கம்பியையே முறுக்கி வேகம் கூட்டப் பார்த்தது. தெருவைத் தோண்ட நகராட்சி அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. கேபிள் டிவி கட்டணம் வீட்டு வாடகையோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. வாடகையோடு வசூலிக்கும் அந்த ஏற்பாடு 2024 ஜூன் 30-உடன் முடிந்ததும் ஜெர்மனியில் வோடஃபோன் இழந்த டிவி வாடிக்கையாளர்கள் ஏராளம். டெலிஃபோனிகா ஸ்பெயினில் தன் செப்பு நெட்வொர்க்கை 2025-இல் மூடிவிட்டது. பிரான்ஸ் 2030-க்குள் மூடத் திட்டம் வைத்திருக்கிறது. பிரிட்டனில் பழைய லேண்ட்லைன் முறை 2027 ஜனவரியில் நிற்கிறது. அங்கே வயதான உறவினர் இருந்தால், அவர் கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பொத்தான் புதிய இணைப்பில் வேலை செய்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இதற்கெல்லாம் யார் பணம் போடுவது? ஒன்றியத்தின் ஃபைபர், 5ஜி இலக்குகளை எட்ட இன்னும் 20,000 கோடி யூரோவுக்கு மேல் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஆணையத்தின் வெள்ளை அறிக்கை சொன்னது. நெட்ஃப்ளிக்ஸ், கூகுள், மெட்டா போன்றவர்களிடம் வசூலிக்கலாம் என்று டெலிகாம்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்தன. ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக் அதை ஏற்கவில்லை. 2026 ஜனவரியில் ஆணையம் முன்வைத்த டிஜிட்டல் நெட்வொர்க் சட்ட முன்மொழிவிலும் கட்டாய வசூல் இல்லை. அதில் டெலிகாம்களுக்குக் கிடைத்தது வேறு: அலைக்கற்றை உரிமத்துக்குக் கால வரம்பு இல்லாமல் செய்யலாம், செப்புக் கம்பியை மூடக் கெடு. இன்னும் நாடாளுமன்றத்தையும் உறுப்பு நாடுகளையும் தாண்ட வேண்டும். ஏலப் பணத்தை விட நாடுகளுக்கு அவ்வளவு லேசில் மனம் வராது. ஆனாலும் ஜெர்மனி 2025-இல் முடியவிருந்த உரிமங்களை ஏலம் விடாமல், கிராமப்புற சிக்னலுக்கு நிபந்தனை போட்டு ஐந்து ஆண்டு நீட்டித்ததைப் பார்த்தால், 2000-இன் பேராசை இனி இல்லை என்று தெரிகிறது.

5ஜி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மக்கள்தொகையில் 94 சதவீதத்துக்கு எட்டிவிட்டது என்பார்கள். அதில் பெரும்பகுதி பழைய 4ஜி மையத்தின் மேல் ஏற்றி வைத்தது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வாடிக்கையாளர் யாரும் தயாராக இல்லை.

கட்டணம் ஏறினால் எந்த வழியில் ஏறும்? விலைப்பட்டியலில் எடுத்த எடுப்பில் தெரியாது. சலுகைக் காலம் சுருங்கும், மலிவுத் துணை பிராண்டுகள் மறையும், ஒப்பந்தத்தின் நடுவிலேயே ஆண்டு உயர்வு வரும். பிரிட்டனில் பணவீக்கத்தோடு இன்னும் சில சதவீதம் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து புதிய ஒப்பந்தங்களில் உயர்வை பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கட்டாயமாக்கியது. அங்கே இருப்பவர்களுக்கு என் யோசனை, 24 மாத ஒப்பந்தத்தில் போன் வாங்குவதை விட்டுவிட்டு, போனைத் தனியாக வாங்கி மாதாமாதம் மாற்றக்கூடிய சிம் போடுவது.

அடுத்து கவனிக்க வேண்டிய இடம் மறுபடியும் பிரான்ஸ்தான். கடனில் மூழ்கிய ஆல்டிஸ் குழுமத்திடம் இருக்கும் எஸ்எஃப்ஆரில் பெரும்பகுதியைப் பங்குபோட்டு வாங்க ஆரஞ்சு, பூய்க், ஃப்ரீ மூவரும் சேர்ந்து 2025 அக்டோபரில் 1,700 கோடி யூரோ தருவதாகச் சொன்னார்கள். ஆல்டிஸ் உடனே மறுத்தாலும் பேச்சு அதோடு முடியவில்லை. நான்காவதாக வந்து சந்தையைக் கலைத்த ஃப்ரீயே இப்போது மூன்றாக்கும் கூட்டத்தில் ஒருவர். அது நடந்தால் ஜெர்மனியில் தட்டுத்தடுமாறி நான்காவது நெட்வொர்க் கட்டும் ஒன் அண்ட் ஒன் நிறுவனத்தின் மீது எல்லார் கண்ணும் திரும்பும். பிரான்ஸில் மூவர் மட்டும் மிஞ்சினால், எஸ்எஃப்ஆரின் அலைக்கற்றையில் ஒரு துண்டாவது வெளியிலிருந்து வரும் யாருக்காவது போகிறதா, வாடகைக்கு எடுத்து விற்பவர்களுக்கு என்ன மொத்த விலை நிர்ணயிக்கிறார்கள் என்று பாருங்கள். முதலீடு செய்வோம், வேகம் கூட்டுவோம் என்ற வாக்குறுதி மட்டும் இருந்து இந்த இரண்டும் இல்லை என்றால், மற்ற நாடுகளும் அதே வழியில் போக அதிக நாள் ஆகாது.